நாமகிரியும் நான்கு கட்டங்களும்

சேலத்திலிருந்து தெற்கே இறங்கும் சமவெளியில், நாமக்கல் நகரின் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்கிறது நாமகிரி. அதன் மேற்குச் சரிவில் 8ஆம் நூற்றாண்டில் அதியர் குலத்தார் குடைந்த நரசிம்மர் குடைவரை இருக்கிறது. எதிரே 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். இவ்விருவரைக் காட்டிலும் உலகின் கணித நூல்களில் மிகுதியாகப் பெயர் பதிந்திருப்பவள் இக்கோயிலின் நாமகிரித் தாயார். ஈரோட்டில் 1887 டிசம்பர் 22ஆம் நாள் பிறந்த சீனிவாச இராமானுஜனின் குலதெய்வம் அவள்.

கதை நாமறிந்ததே. நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த கோமளத்தம்மாளுக்காக அவருடைய பெற்றோர் நாமகிரியை வேண்டிக்கொண்டனர். தன் மகளின் மகன் வாயிலாகத் தாயார் பேசுவாள் என்று பாட்டி ரங்கம்மாள் அருள்வாக்குச் சொன்னார். பின்னாளில் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் செல்வதா வேண்டாமா என்ற தயக்கம் எழுந்தபோது, இராமானுஜன் நாமக்கல் கோயிலில் மூன்று இரவுகள் தங்கி உத்தரவு பெற்றார் என்று ஒரு மரபு சொல்கிறது. தாயார் அன்னையின் கனவில் தோன்றி, மகனின் வழியில் குறுக்கே நிற்காதே என்றாள் என்று இன்னொரு மரபு சொல்கிறது. சூத்திரங்களையும் அவளே கனவில் எழுதிக் காட்டினாள் என்பது இவற்றின் உச்சம். நண்பர்களிடம் அவ்வாறு இராமானுஜனே சொல்லியிருக்கிறார் என்பதால் இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கவும் இயலாது.

ஆனால் இக்கதை ஒன்றை மறைத்துவிடுகிறது. கனவில் வந்தது என்று சொல்லி முடித்த இடத்தில், அது எப்படிச் செய்யப்பட்டது என்ற கேள்வி எழுவதேயில்லை. அக்கேள்விக்கு விடை தரக்கூடிய ஓரிடம் இராமானுஜனின் குறிப்பேடுகளிலேயே இருக்கிறது. நாம் அதைப் பெரும்பாலும் புரட்டிக் கடந்துவிடுகிறோம். அவருடைய இரண்டாம் குறிப்பேட்டின் 21 அத்தியாயங்களில் முதலாவது அது. அதன் பொருள் மாயச் சதுரம்.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் நிறைந்த அக்குறிப்பேடுகளை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் 1957இல் நிழற்படி எடுத்து இரு தொகுதிகளாக வெளியிட்டது. அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் அவற்றை ஒவ்வொன்றாக நிறுவி 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாகப் பதிப்பித்தார். முதல் அத்தியாயம் மற்றவற்றைவிடப் பழையது, கும்பகோணத்துப் பள்ளி நாட்களில் முளைத்தது என்பது அவர் கணிப்பு. முடிவிலாத் தொடர்களும் தீட்டா சார்புகளும் அணிவகுக்கும் ஏட்டின் வாசலில் ஒரு பள்ளிச்சிறுவனின் விளையாட்டு இருப்பது ஆய்வாளர்களுக்குச் சற்றுக் கூச்சம் தந்திருக்கலாம். தமிழ் வாசகருக்கு அந்தக் கூச்சம் வேண்டியதில்லை. மாயச் சதுரம் நம் வீட்டுப் பூசையறையிலேயே இருக்கிறது.

குபேர கோலம் என்று பச்சரிசி மாவில் இடப்படும் ஒன்பது கட்டத்தைப் பாருங்கள்.

27  20  25
22  24  26
23  28  21

நெடுக்கில், குறுக்கில், மூலைவிட்டத்தில் எப்படிக் கூட்டினாலும் 72. ஒவ்வொரு எண்ணிலும் 19ஐக் கழித்தால் 8, 1, 6. 3, 5, 7. 4, 9, 2 என்று வரும். சீனர்கள் லோ ஷூ என்று போற்றும் பழஞ்சதுரத்தைத் திருப்பி வைத்தால் இதுதான். ஒன்று முதல் ஒன்பது வரையான எண்களால் அமையும் 3க்கு 3 சதுரம், சுழற்றியும் கண்ணாடியில் காட்டியும் பெறும் வேற்றுருக்களை நீக்கினால், ஒன்றே ஒன்றுதான்.

இந்தியாவில் இக்கலையின் வரலாறு நீண்டது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் 16 நறுமணப் பொருள்களைக் கலக்கும் அளவுகளை 4க்கு 4 கட்டத்தில் தருகிறார். அதில் 1 முதல் 8 வரையான எண்கள் இருமுறை வருகின்றன. வரிசைக் கூட்டுத்தொகை 18. கஜுராஹோவின் பார்சுவநாதர் கோயிலில் 34 கூட்டுத்தொகை தரும் சதுரமொன்று கல்லில் வெட்டப்பட்டுள்ளது. 1356இல் நாராயண பண்டிதர் இயற்றிய கணித கௌமுதி, பத்ரகணிதம் என்று ஓர் அத்தியாயம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியது. ஒரு கட்டத்தின்மேல் இன்னொரு கட்டத்தைக் கவிழ்த்துக் கூட்டும் முறையை அவர் சம்புடம் என்றார். இரு கைகளைக் குவித்து மூடுவது போன்றது அது. இராமானுஜனும் இரு எழுத்துக் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கூட்டியே சதுரம் அமைக்கிறார். ஆனால் கணித கௌமுதி அச்சேறியது 1936இலும் 1942இலும். இராமானுஜன் மறைந்தது 1920இல். அச்சு நூலைப் பார்த்து அவர் கற்றிருக்க வழியில்லை.

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். சிறிய சதுரம் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு பெரியதை எப்படிக் கட்டுவது?

குபேர கோலத்தின் மூலச் சதுரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒன்பது படிகளை மூன்றுக்கு மூன்றாக அடுக்கினால் 9க்கு 9 கட்டம் கிடைக்கும். கூட்டுத்தொகையும் எங்கும் சமமாக இருக்கும். ஆனால் ஒவ்வோர் எண்ணும் ஒன்பது முறை வந்துவிடும், அது ஏமாற்று. இதற்குத் தீர்வு, சிறு சதுரத்தையே பெரிய சதுரத்துக்கும் வரைபடமாக்கிக்கொள்வது. 1 இருக்கும் இடத்தில் வைக்கும் படியை அப்படியே விடவேண்டும். 2 இருக்கும் இடத்துப் படியில் எல்லா எண்களுடனும் 9ஐக் கூட்டவேண்டும். 3இன் இடத்தில் 18. நடுவிலுள்ள 5இன் இடத்தில் 36. 9இன் இடத்தில் 72. இப்போது 1 முதல் 81 வரை எல்லா எண்களும் ஒருமுறையே வரும். எந்த வரிசையைக் கூட்டினாலும் 369. சிறியது தன் உருவை இருமுறை பதித்துப் பெரியதாகிறது: ஒருமுறை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும், ஒருமுறை கட்டங்களின் அமைப்பிலும். சீனத்தில் யாங் ஹுய் 1275இலேயே, உள்ளே ஒன்பது சிறு மாயச் சதுரங்களைக் கொண்ட 9க்கு 9 சதுரத்தைக் காட்டியிருக்கிறார்.

நான்கு 4க்கு 4 சதுரங்களை ஒட்டி 8க்கு 8 ஆக்கலாம் என்று எண்ணினால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. பெரிய அமைப்புக்கு வரைபடமாக 2க்கு 2 மாயச் சதுரம் வேண்டும். வெவ்வேறு எண்களைக் கொண்டு அப்படியொன்று அமையவே அமையாது. நான்கு சிறு சதுரங்களின் கூட்டுத்தொகைகளை அ, ஆ, இ, ஈ எனக் கொள்வோம். 1 முதல் 64 வரையான எண்களின் 8க்கு 8 சதுரத்தில் வரிசைக்கு 260 வரவேண்டும். மேல்வரிசை அ + ஆ, இடப்பத்தி அ + இ, மூலைவிட்டம் அ + ஈ ஆகிய மூன்றும் 260 என்றால் ஆ, இ, ஈ மூன்றும் சமம். மற்ற மூலைவிட்டமான ஆ + இ என்பதும் 260. எனவே நான்கு சதுரங்களுக்கும் 130 தவிர வேறு கூட்டுத்தொகை இருக்க முடியாது. முதல் சதுரத்துக்கு 1 முதல் 16, இரண்டாவதற்கு 17 முதல் 32 என்று வரிசையாகப் பங்கிட்டுக் கொடுத்தால் 34, 98 என்று ஏறிக்கொண்டே போகும், ஒட்டாது.

ஆகவே பங்கீட்டை மாற்றவேண்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் எட்டுச் சிறிய எண்களும் எட்டுப் பெரிய எண்களும் தரவேண்டும். முதலாவதற்கு 1 முதல் 8 வரையும் 57 முதல் 64 வரையும். இரண்டாவதற்கு 9 முதல் 16, 49 முதல் 56. மூன்றாவதற்கு 17 முதல் 24, 41 முதல் 48. நான்காவதற்கு 25 முதல் 40 வரை. கஜுராஹோ சதுரம் இது:

7  12  1  14
2  13  8  11
16  3  10  5
9  6  15  4

ஒவ்வொரு வரிசையிலும், பத்தியிலும், முதன்மை மூலைவிட்டங்களிலும் எட்டுக்கு மேற்படாத எண்கள் இரண்டும், எட்டை மிஞ்சியவை இரண்டும் இருப்பதைக் காணலாம். மிஞ்சியவற்றில் 8ஐக் கழித்தால் வராகமிகிரர் காட்டிய வகையில், 1 முதல் 8 வரை இருமுறை வந்து 18 கூட்டுத்தொகை தரும் கட்டம் கிடைக்கும். மாறாக, மிஞ்சிய எண்களுடன் 48ஐக் கூட்டினால்:

7  60  1  62
2  61  8  59
64  3  58  5
57  6  63  4

எல்லாத் திசையிலும் 130. மற்ற மூன்றையும் இப்படியே செய்து ஒட்டினால் 8க்கு 8 சதுரம் முடிந்துவிடும்.

இராமானுஜனின் முதல் அத்தியாயத்தில் நான்கு 4க்கு 4 மாயச் சதுரங்களை இணைத்து ஆக்கிய 8க்கு 8 சதுரம் இருக்கிறது. மேலே கண்ட கணக்கின்படி அந்த இணைப்பு தானாக நிகழ்ந்திருக்க முடியாது. ஒட்டும் இடங்களில் எண்கள் இடறுவதைப் பார்த்து, பங்கீட்டைத் திருத்தி, திரும்பவும் கூட்டிப் பார்த்த ஒரு கையின் வேலை அது. அந்தக் கை பள்ளிச் சிறுவனுடையது என்பது அதன் மதிப்பைக் கூட்டுகிறதேயன்றிக் குறைக்கவில்லை.

எண்களை நெடுக்கும் குறுக்குமாக அடுக்கிய கட்டத்தைக் கணிதம் அணி என்கிறது. சிறு அணியின் ஒவ்வோர் உறுப்பின் இடத்திலும் இன்னோர் அணியை முழுதாகப் பதித்துப் பெருக்கும் வினைக்குக் குரோனெக்கர் பெருக்கல் என்று பெயர். ஜெர்மானியரான லியோபோல்ட் குரோனெக்கரின் பெயர் நிலைத்துவிட்டாலும், 1858இலேயே யோகான் கியோர்க் செஃபுஸ் இதைப் பற்றி எழுதிவிட்டார். குபேர கோலத்திலிருந்து 81 கட்டம் ஆக்கிய நம் வழி, இத்தகைய இரு பெருக்கல்களின் கூட்டலே. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சி. ஆர். ராவ், சி. ஜி. கத்ரியுடன் சேர்ந்து 1968இல் இதன் இன்னொரு வடிவத்தை வகுத்தார். அது கத்ரி-ராவ் பெருக்கல் என்று அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சென்னையில் 1962இல் கணித அறிவியல் நிறுவனத்தை உருவாக்கிய அல்லாடி ராமகிருஷ்ணன், இயற்பியலில் வரும் டிராக் அணிகளைச் சிறிய பாலி அணிகளிலிருந்து படிப்படியாகக் கட்டும் முறையை 1972இல் தனி நூலாகவே எழுதினார். அதன் தலைப்பில் இலக்கணம் என்ற சொல்லை அவர் ஆண்டிருப்பது இலக்கிய வாசகரின் கவனத்துக்குரியது. எழுத்திலிருந்து சொல்லும், சொல்லிலிருந்து தொடரும் எழுவதைப் போன்றதுதானே இதுவும்!

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களில் உருவாக்கிய ஆர் என்னும் புள்ளியியல் கணினி மொழியில் இவையெல்லாம் ஒற்றை ஆணைகளாகிவிட்டன. ஆர்பைண்ட் என்றால் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேரும். சிபைண்ட் என்றால் பக்கவாட்டில் சேரும். குரோனெக்கர் என்றால் ஒன்றினுள் ஒன்று பதியும். ஆனால் அளவுகள் பொருந்தினால் கணினி எதையும் ஒட்டித் தந்துவிடும். ஒட்டியபின் வரிசைக்கு 260 வருமா என்பது அதன் கவலையன்று. அந்தக் கவலை ஒட்டச் சொல்பவனுக்கு உரியது. 1 முதல் 16, 17 முதல் 32 என்று பங்கிட்டுக் கொடுத்தாலும் ஆர் முணுமுணுக்காமல் இணைத்துக் கொடுக்கும். சதுரம் இருக்கும், மாயம் இருக்காது.

இராமானுஜனுக்குத் தாள் விலை அதிகம். சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டில் ஏற்றினார் என்பதை அவரை அறிந்தோர் பதிவுசெய்துள்ளனர். அழிந்தவை அத்தனையும் வழிமுறைகள். அந்த வெற்றிடத்தில்தான் நாமகிரிக் கதை குடியேறியது. சிலேட்டில் இருந்ததைக் காணாத நாம், ஏட்டில் இருப்பது வானிலிருந்து இறங்கியது என்று நம்புவது எளிது. மாயச் சதுரத்தில் மட்டும் அப்படி எதுவும் அழிய முடியாது. முடிவே தன் வழிமுறையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. 8க்கு 8 கட்டத்தின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரு கோடுகளை இழுத்தால், எங்கே வெட்டி எங்கே ஒட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

எல்லாச் சமயங்களும் ஏறக்குறையச் சமமான உண்மையுடையவை என்று இராமானுஜன் தம்மிடம் சொன்னதாக ஹார்டி எழுதி, அவருடைய பக்தியை ஐயுற்றார். நம் ஊரார் ஹார்டியை ஐயுறுகின்றனர். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. நாமகிரியின்மீது இராமானுஜன் வைத்த நம்பிக்கை அவருடையது. அதை அவரிடமிருந்து பறிக்க எவருக்கும் உரிமையில்லை. அதேபோல் அவருடைய உழைப்பையும் பறிக்கக் கூடாது. தெய்வம் எழுதிக் காட்டியது என்று சொல்லி நாம் வணங்கும்போது, ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் சேலத்திலும் இன்று கணிதம் படிக்கும் பிள்ளைக்கு நாம் சொல்லாமல் சொல்வது என்ன? உனக்கு அருள் வாய்க்கவில்லையென்றால் உனக்கு வழியில்லை என்பதுதானே? முதல் அத்தியாயம் அவனுக்கு வேறொன்றைச் சொல்கிறது. நான்கு சிறு கட்டங்களை எடுத்துக்கொள், ஒட்டிப் பார், எங்கே இடறுகிறது என்று பார், எண்களை மாற்றிப் பங்கிடு, மீண்டும் கூட்டு.

நாமக்கல்லுக்குச் செல்வோர் தாயாரைத் தரிசித்துவிட்டு, மலையடிவாரத்தில் ஒரு தாளை விரித்து இந்த 64 கட்டங்களையும் ஒருமுறை நிரப்பிப் பார்க்கலாம். முதல் பதினாறு மேலே தரப்பட்டுள்ளன. மீதம் நாற்பத்தெட்டு.