அலுவிகாரையிலிருந்து கடலுக்கு இரண்டு பாதைகள்

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 நெடுஞ்சாலையின் ஓரத்தில் அலுவிகாரை இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகக் காக்கப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இது என்பது மரபு. நினைவில் மட்டும் இருப்பது ஒருநாள் அழிந்துவிடும் என்ற அச்சத்தில் எழுந்த முயற்சி அது. இக்கட்டுரை பேசப்போகும் செய்திக்கும் அந்த அச்சம் பொருந்தும்.

அலுவிகாரையில் கடல் கிடையாது. சுற்றிலும் மலைகளும் மிளகு, கொக்கோத் தோட்டங்களும்தான். ஆகவே இவ்வூர்க் குடும்பங்களுக்குக் கடற்கரைப் பயணம் என்பது முன்கூட்டியே திட்டமிட வேண்டிய காரியம். பாடசாலை விடுமுறை வர வேண்டும். வானுக்குச் சொல்லி வைக்க வேண்டும். விடியுமுன் சோற்றுப் பொதி கட்ட வேண்டும். எங்கே போவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான்: திருகோணமலை. தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 155 கிலோமீற்றர். நிலாவெளியும் உப்புவெளியும் இலங்கையின் அழகிய கடற்கரைகளுள் அடங்கும். வழியில் கன்னியா வெந்நீரூற்றுகள், பாறையின் உச்சியில் கோணேசர் கோயில், நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. ஒரு நாளைக்கு இதற்குமேல் வேண்டியதில்லை.

ஆனால் அலுவிகாரையிலிருந்து கடலுக்கு இன்னொரு பாதையும் உண்டு. தம்புள்ளையில் சாலை பிரிகிறது. வலப்புறம் திரும்பினால் திருகோணமலை. திரும்பாமல் ஏ9 வழியே சென்றால் கெக்கிராவை, மரதன்கடவலை, மிகிந்தலை, மதவாச்சி. அங்கிருந்து மேற்கே திரும்பினால் மடு, முருங்கன், மன்னார், தலைமன்னார். மொத்தம் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். உல்லாசப் பயணத்துக்கு இப்பாதையைத் தேர்பவர்கள் குறைவு. மாத்தளை மாவட்டத்து மலையகத் தமிழர் பலரின் முன்னோர் இந்நாட்டுக்குள் வந்த பாதை இதுவே.

இவ்விரு கடற்கரைகளையும் ஒருவரது வாழ்க்கையிலேயே இணைத்துக் காட்டும் பழைய கதை ஒன்று உண்டு. 1660ஆம் ஆண்டு, புயலில் சேதமுற்ற தம் கப்பலைச் சீர்செய்ய ஆங்கிலேயர் சிலர் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் தங்கியிருந்தனர். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவர்களைப் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். அவர்களுள் ஒருவர் றொபர்ட் நொக்ஸ். அவர் தொப்பி பின்னி விற்றார். சில்லறை வியாபாரியாக வடக்கு நோக்கி ஊரூராக அலைந்து பாதைகளைப் படித்துக்கொண்டார். இறுதியில் 1679இல் ஒரு தோழருடன் அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோரமாகக் காட்டுக்குள் நடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூல் அக்காலக் கண்டி இராச்சியத்தைப் பற்றிய முதன்மையான சான்றாக இன்றும் விளங்குகிறது. மலைநாட்டிலிருந்து கடற்கரைக்குச் செல்ல அவருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன. எனினும் அவர் போய்ச் சேர்ந்தார், எழுதியும் வைத்தார்.

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே மன்னார்க் கரையிலிருந்து எதிர்த்திசையில் நடந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

1820களில் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1830களின் பிற்பகுதியிலிருந்து அவை வேகமாகப் பெருகின. தோட்டங்களில் ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவைப்படவில்லை. பழம் பறிக்கும் மாதங்களில்தான் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் மக்களைத் துரத்திக்கொண்டிருந்த காலம் அது. கங்காணிகள் ஊர்களுக்குச் சென்று முன்பணம் கொடுத்துக் கூட்டம் சேர்த்தார்கள். சிறு தோணிகளில் பாக்கு நீரிணையையும் மன்னார்க் குடாவையும் கடந்து தலைமன்னாரிலும் அரிப்பிலும் அதையொட்டிய கரைகளிலும் அம்மக்கள் இறங்கினார்கள். கரையிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடை.

அந்த நடை எத்தகையது என்பதை இன்று வானில் செல்பவர் உணர்வது கடினம். மன்னாரிலிருந்து தம்புள்ளை வரை வரண்ட வலயம். வறட்சிக் காலத்தில் குளங்கள் வற்றிவிடும். எஞ்சிய நீர் சேறாகிவிடும். அதைக் குடித்தவர்களை வாந்திபேதி வாட்டியது. மலேரியாவும் அம்மையும் கூடவே வந்தன. காட்டில் யானையும் கரடியும் உலாவின. ஆனால் விலங்குகளைவிட நோயும் பசியுமே அதிகமானோரைக் கொன்றன. நோயில் விழுந்தவரைச் சுமந்து செல்லக் கூட்டத்தாரிடம் வலு இல்லை. வழியோரத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். 1841 முதல் 1848 வரையிலான காலத்தில் 70,000 பேர், அதாவது வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், மாண்டிருக்கலாம் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இல் கணித்தது. ஆய்வாளர்கள் இந்த எண்ணைப் பற்றி விவாதித்திருக்கிறார்கள். இறந்தவர்களும் ஊர் திரும்பியவர்களும் ஒன்றாகக் கணக்கிடப்பட்டிருக்கலாம் என்பது ஒரு வாதம். அந்த விவாதமே ஓர் உண்மையைச் சொல்கிறது. கோப்பியின் மூட்டைக் கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டது. அதைப் பறிக்க வந்து வழியில் இறந்த மனிதரின் கணக்கு எழுதப்படவில்லை. கோப்பிக் காலத் தொழிலாளரின் துயரத்தை டொனோவன் மோல்ட்றிச் 1989இல் ஆங்கிலத்தில் தனி நூலாக எழுதியபோது நூற்றைம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

அதே 1848இல் மாத்தளையின் சிங்கள விவசாயிகளும் கொதித்தெழுந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் வரி கட்ட வேண்டும் என்று டொறிங்டன் பிரபுவின் அரசு சட்டம் செய்தது. ஜூலையில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் மன்னனாக முடிசூட்டப்பட்டார். ஆகஸ்டில் புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார். அலுவிகாரையில் இருந்த பழைய ஏடுகளும் அந்தக் கலவரத்தில் அழிந்ததாகக் கூறப்படுகிறது. நிலத்தை இழந்த சிங்களவரும் அந்நிலத்தில் உழைக்க வந்த தமிழரும் ஒரே பாதையின் ஓரத்தில் ஒரே ஆட்சியினால் அல்லற்பட்டார்கள். ஒருவர் துன்பத்தை மற்றவர் அறியாமலே இரு வரலாறுகளும் தனித்தனியே எழுதப்பட்டுவிட்டன.

பிழைத்து வந்தவர்களுக்கு அந்த நடையின் முதல் பெரிய ஊர் மாத்தளை. அங்கிருந்துதான் அவர்கள் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றார்கள். மரத்தடியில் சிறு சிலையாக வணங்கப்பட்ட மாரியம்மனுக்கு 1874இல் நகரத்தார் உதவியுடன் கோயில் எழுந்தது. இன்று 108 அடி இராசகோபுரத்துடன் நிற்கும் முத்துமாரியம்மன் கோயில் அதுதான். 1983 கலவரத்தில் எரியுண்டு மீண்ட கோயிலும் அதுவே. அதன் தேர்த்திருவிழா மாசி மகத்தை ஒட்டி நடைபெறுகிறது. தமிழகத்துக் கரையோர ஊர்களில் மாசி மகம் என்பது தெய்வங்கள் கடலாடும் நாள். கடலைக் கடந்து வந்து, பிறகு கடலைக் காணாத மலையில் வாழ்ந்த மக்கள் தமது பெருவிழாவுக்கு அந்த நாளையே வைத்துக்கொண்டது எனக்கு வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. இலை நோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். குடும்பங்கள் நிலையாகத் தங்கின. 1914இல் தலைமன்னாருக்கும் தண்டவாளம் போடப்பட்டதும் காட்டு நடையின் காலம் முடிவுற்றது. ஆனால் அக்கரையின் கதை முடியவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பாட்டன் தோணியில் இறங்கிய கரையிலேயே பேரன் கப்பலேறினான். மலையகத் தமிழர் அறிந்த தலைமன்னார் விளையாடும் கடற்கரை அல்ல; உறவுகளை இழந்த துறைமுகம். போர்ச்சூழலில் 1980களின் நடுப்பகுதியில் அந்தக் கப்பலும் நின்றது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கியது. பதினாறாவது நாளான ஆகஸ்ட் 12ஆம் நாள் அது மாத்தளையை அடைந்தது. வடக்கிலிருந்து ஏ9 வழியே மாத்தளைக்குள் நுழையும் எவரும் அலுவிகாரையைக் கடந்தே வரவேண்டும். அவ்வகையில் அந்த நடையின் கடைசி மூன்று கிலோமீற்றர் இவ்வூரிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவே அடுத்த விடுமுறைக்குக் கடற்கரைப் பயணம் திட்டமிடும் மாத்தளைக் குடும்பங்களிடமும், வெளிநாடுகளிலிருந்து ஊர் வரும் உறவினரிடமும் ஒரு வேண்டுகோள். திருகோணமலைக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே நீராடுவது ஆபத்து. மன்னாருக்கு மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. ஒரு நாள் போதாது. ஓரிரவு தங்க வேண்டும். திருக்கேதீச்சரத்தை வழிபடலாம். அரிப்பில் ஆளுநர் நோர்த் கட்டிய, கடலரிப்பில் சிதைந்து வரும் டொறிக் மாளிகையைக் காணலாம். தலைமன்னார் இறங்குதுறையில் மாலையில் நிற்கலாம். இரணைமடு போன்ற பெரிய குளங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. மதவாச்சிக்கும் தம்புள்ளைக்கும் இடையே சாலையோரச் சிறு குளமொன்றில் வானை நிறுத்தி, இந்நீருக்காகத்தான் நம் முன்னோர் ஏங்கினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கடலைக் கண்டு மகிழ்வார்கள். அது போதும் என்று நினைக்கலாம். ஆயினும் நாலரை மணி நேரத்தில் கடக்கும் ஒரு சாலை யாருடைய எலும்புகளின் மேல் போடப்பட்டது என்பதைப் பாடப்புத்தகம் அவர்களுக்குப் போதிய அளவில் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். வாய்மொழியாக இருந்ததை ஏட்டில் ஏற்றிய ஊரிலிருந்து அந்தப் பயணம் புறப்படுவது பொருத்தமானதே.