பெயருக்கு முன் பிறந்த இசை

ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டிவிட்டால் அதனை முற்றும் அறிந்துவிட்டதாக எண்ணி அமைதியடைவது மனித இயல்பு. 'இது காப்பியமா, கதைப்பாடலா?' என்று இலக்கியத்தில் வாதிடுவோர் உளர். இசையிலும் அத்தகைய வாதங்களுக்குக் குறைவில்லை. மேலைநாட்டு இசை வரலாற்றில் அவ்வாறு நெடுங்காலமாக வாதப்பொருளாகி நிற்கும் இசைத்தட்டு ஒன்றைப் பற்றி ஈண்டுச் சிந்திப்போம். 'மூடி புளூஸ்' என்னும் ஆங்கிலேயக் குழுவின் பெயரில் 1967ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' என்பதே அது.

ராக் இசை என்றாலே செவியைப் பிளக்கும் பேரோசை என்று கருதுவோர் நம்மிடையே பலர். இத்தட்டோ கிதாரின் அதிர்வோடு தொடங்கவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும் பல்லியக் குழுவின் முகவுரையோடு மெல்ல எழுகிறது. வைகறை, காலை, நண்பகல், பிற்பகல், மாலை, இரவு என ஒரு நாளின் பொழுதுகள் வரிசையாக விரிகின்றன. அண்மையில் இதனை முழுமையாகக் கேட்டபோது, 'இதனை எவ்வகையில் சேர்ப்பது?' என்னும் வினா நம் உள்ளத்திலும் எழுந்தது. விடை தேடுமுன் இது பிறந்த வரலாற்றை அறிவது நலம்.

மூடி புளூஸ் குழு 1964இல் பர்மிங்காம் நகரில் தோன்றியது. 'கோ நௌ' என்னும் பாடலால் 1965இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. ஆயினும் அவ்வெற்றி நிலைக்கவில்லை. 1966இல் பழைய உறுப்பினர் சிலர் விலக, ஜஸ்டின் ஹேவர்ட், ஜான் லாட்ஜ் ஆகிய இருவரும் வந்து சேர்ந்தனர். அதே ஆண்டில் டெக்கா நிறுவனம் 'டெராம்' என்னும் புதிய முத்திரையைத் தொடங்கியிருந்தது. அந்நிறுவனம் உருவாக்கிய புதிய ஸ்டீரியோ ஒலிப்பதிவு முறை, செவ்வியல் இசைக்கு மட்டுமன்றி மக்கள் விரும்பும் இசைக்கும் பொருந்தும் என்று காட்டவேண்டிய தேவை இருந்தது. ஆகவே, புதிய இசைவகை ஒன்றைப் படைக்கவேண்டும் என்னும் வேட்கையில் மட்டும் இம்முயற்சி பிறக்கவில்லை. வணிகமும் தொழில்நுட்பமும் அதற்குத் தொட்டில் கட்டின.

இவ்விடத்தில் புகழ்பெற்ற கதை ஒன்றுண்டு. செக் நாட்டு இசைமேதை துவோர்ழாக்கின் 'புதிய உலகு' சிம்பொனியை ராக் இசையாக்கித் தருமாறு நிறுவனம் கேட்டதாம்; குழுவினரோ அதனைக் கைவிட்டுத் தங்கள் சொந்தப் பாடல்களைப் பதிவு செய்தனராம். குழுவினரே பல்லாண்டுகளாகக் கூறிவந்த செய்தி இது. ஆனால் ஒலிப்பதிவுப் பொறியாளராகப் பணியாற்றிய டெரிக் வார்னல்ஸ் இதனை மறுத்துள்ளார். உடனிருந்தோரின் சாட்சியங்களே முரண்படும்போது, சுவையானது என்பதற்காக ஒன்றை உண்மையென ஏற்றல் வரலாற்றுக்கு அழகன்று.

ஐயத்திற்கு இடமின்றி நாம் அறிவன சில உள. பாடல்களைக் குழுவினர் இயற்றினர். அவற்றின் இசைக்கருக்களை எடுத்து, பாடலுக்கும் பாடலுக்கும் இடையே பாலமாக அமையும் பல்லியப் பகுதிகளை எழுதி நடத்தியவர் பீட்டர் நைட். இசைத்தவர்கள் 'லண்டன் ஃபெஸ்டிவல் ஆர்க்கெஸ்ட்ரா' எனப்பட்டனர். டெக்கா நிறுவனம் தன் ஒலிப்பதிவுகளுக்காகத் திரட்டிய கலைஞர்களுக்கு வழங்கிய பெயர் அது. பாடற்குழுவும் பல்லியக் குழுவும் பெரும்பாலும் ஒன்றாக ஒலிப்பதில்லை. ஒன்று ஓயும்போது மற்றது தொடங்குகிறது.

அவ்வாறாயின், பாடல்களின் உள்ளேயே வயலின்கள் இழைவது எங்ஙனம்? அங்கேதான் 'மெல்லோட்ரான்' என்னும் விந்தைக் கருவி வருகிறது. அதன் ஒவ்வொரு கட்டையின் கீழும் காந்த ஒலிநாடா ஒன்று உண்டு. கட்டையை அழுத்தினால், முன்னரே பதிவு செய்யப்பட்ட மெய்யான வயலின் அல்லது புல்லாங்குழலின் சுரம் ஏறத்தாழ 8 நொடிகள் ஒலிக்கும். பின்னர் விரலை எடுத்தே ஆகவேண்டும். பர்மிங்காமில் இக்கருவியைச் செய்த தொழிற்கூடத்தில் முன்பு பணியாற்றிய மைக் பிண்டரே இக்குழுவில் அதனை இசைத்தவர். 'நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்' என்னும் புகழ்பெற்ற பாடலில் பல்லியக் குழு என்று பலர் நினைத்து உருகும் ஒலியின் பெரும்பகுதி அந்த ஒலிநாடாக்களின் ஒலியே.

இனி வாதத்திற்கு வருவோம். 'பல்லியத்தின் இடையீடு மிகுந்ததால் இது ராக் இசையன்று' என்பர் ஒரு சாரார். 'திரைப்படப் பின்னணி இசை போன்ற பகுதிகளால் ஒட்டப்பட்ட தனிப் பாடல்களே இவை. சிம்பொனியின் உள்வளர்ச்சி இங்கில்லை' என்பர் மறுசாரார். 'முற்போக்கு ராக் இசையின் முன்னோடி' என்பது மூன்றாம் தரப்பு. ஒரு சாரார் பல்லியத்தை மிகுதி என்கின்றனர். மறுசாரார் போதாது என்கின்றனர். மூன்றாம் தரப்பின் பெயரோ அவ்வகை இசை பெருகிய பின்னரே நிலைபெற்றது. பெற்றோர்க்குப் பிள்ளைகளின் பெயரை இடுவது போன்றது அது.

ஒப்பிட்டு நோக்கினால் தெளிவு பிறக்கும். 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், ஜான் லார்டு இயற்றிய கான்செர்ட்டோவை 'டீப் பர்ப்பிள்' குழுவும் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவும் மால்கம் ஆர்னால்டு நடத்த இசைத்தன. அங்கே இரு தரப்பும் ஒரே மேடையில் எதிரெதிரே நின்று வாதாடி, பின்னர் இணங்குகின்றன. 1967இன் இசைத்தட்டிலோ போரும் இல்லை, கலப்பும் இல்லை. ஒரே தெருவில் வாழும் இரு வீட்டார் முறைவைத்துப் பேசுவதுபோல் இரண்டும் ஒலிக்கின்றன. ஆகவே இதனை 'இணைந்த இசை' என்பதைவிட 'அடுத்தடுத்து அமர்ந்த இசை' என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

இஃது ஒரு குறையா? நாம் அவ்வாறு கருதவில்லை. தத்தம் குரலை இழக்காமல் ஒருவர் பேச மற்றவர் செவிமடுப்பதும் ஒற்றுமையே. ஆனால் வகைப்பெயர் பற்றிய வாதத்தின் ஆரவாரத்தில் நாம் மறக்கும் நீதி ஒன்றுண்டு. முதலில் வெளிவந்த தட்டில் படைப்பாளர் பெயர் 'ரெட்வேவ் - நைட்' என்றே அச்சிடப்பட்டிருந்தது. முன்னது குழுவினர் ஐவருக்கும் பொதுவாகப் புனைந்த பெயர். பின்னது பீட்டர் நைட்டைக் குறிப்பது. பின்னாளில் அமெரிக்காவில் 1972இல் அப்பாடல் இரண்டாம் இடத்தையும் இத்தட்டு மூன்றாம் இடத்தையும் எட்டியபோது, புகழனைத்தும் குழுவையே சேர்ந்தது. 1985இல் மறைந்த பீட்டர் நைட்டை நினைப்போர் சிலரே. வில்லெடுத்து வயலின் மீட்டியோரையும் குழல் ஊதியோரையும் பெயர்சொல்லி அறிந்தோர் அதனினும் சிலர். மெல்லோட்ரானின் நாடாக்களில் தம் சுரங்களை விட்டுச்சென்றோரும் அவ்வாறே.

வகைப்பெயர் கேட்பவர்க்கு உதவும் கைகாட்டி மட்டுமே, அதுவே ஊராகாது. 'இஃது என்ன இசை?' என்று கேட்குமுன், 'இதனை ஆக்கிய கைகள் எவை?' என்று கேட்போமாக. அவ்வாறு கேட்கும் செவிக்கு, வைகறை முதல் இரவுவரை நீளும் அந்த ஒரு நாளில் ஐவரின் குரல்களோடு, பெயரறியாப் பலரின் மூச்சும் தெளிவாய்க் கேட்கும்.