உயர்வகுப்புச் சுமையும் கார்ஃபீல்டு பள்ளியின் வரலாறும்

நம் கல்விக் கழகத்தின் மாலை வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர், ஆண்டுதோறும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை. பதினோராம் வகுப்பில் கணக்கு, இயற்பியல், வேதியியல் என்று எல்லாவற்றையும் எடுத்தால் தாங்குவானா, சார்? இலேசான பாடமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாமா?" இஃது அன்பினால் எழும் கேள்வியே. ஆயினும், இலேசானதைத் தேடியதனாலேயே பொறியியல், மருத்துவக் கல்லூரிகளின் வாயிலையும் எட்டாது நின்றுவிட்ட நம் பிள்ளைகள் பலர். இக்கேள்விக்கு விடை பகரும் வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அதனை நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் பயிலும்போதே கல்லூரித் தரப் பாடங்களைக் கற்கும் முறை 1950களில் தோன்றியது. போர்டு அறநிறுவனத்தின் பொருளுதவியோடு, ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் ஆகிய புகழ்பெற்ற தனியார் பள்ளிகளும், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழகங்களும் அதற்கான ஆய்வில் ஈடுபட்டன. 1956ஆம் ஆண்டில் நடந்த தேர்வை 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள் எழுதினர். மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 பெற்றாலே தேர்ச்சி எனக் கருதப்படும். பல கல்லூரிகள் அதனைத் தம் பாடத்திற்கு ஈடாக ஏற்கும். தொடக்கத்தில் இது வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளின் தேர்வாகவே விளங்கியது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்குப் பகுதியில் மெக்சிக்க வழியினரான உழைப்பாளிகள் மிகுதி. அவர்தம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுள் ஒன்று கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி. இவர்களுக்குக் கைத்தொழில் போதும், கல்லூரிப் படிப்பு எதற்கு என்று எண்ணிய காலம் அது. 1968 மார்ச்சு மாதத்தில் அப்பகுதிப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்புகளை விட்டு வெளியேறிப் போராடினர். கல்லூரிக்குச் செல்லத் தகுதியளிக்கும் பாடங்கள் தமக்கும் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. கடினமான பாடத்தை உரிமையாகக் கேட்டனர் என்பதை நம் இளைஞர் மனத்தில் இருத்த வேண்டும்.

1974இல் அப்பள்ளிக்கு ஹைமே எஸ்கலாண்டே என்னும் ஆசிரியர் வந்தார். பொலிவியா நாட்டில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தபின் சிற்றுண்டிச்சாலையில் தரை துடைத்தவர். ஆங்கிலம் கற்று, மீண்டும் பட்டம் பெற்று, நாற்பது வயதைக் கடந்தபின் ஆசிரியப் பணியில் அமர்ந்தவர். அவர் வந்தபோது பள்ளி தன் அங்கீகாரத்தையே இழக்கும் நிலையில் இருந்தது.

அவர் வந்தவுடனே நுண்கணிதத்தைத் தொடங்கிவிடவில்லை. இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் என்று ஒவ்வொரு படியாக அமைத்தார். பள்ளி தொடங்குமுன்னும், முடிந்த பின்னும், சனிக்கிழமைகளிலும் வகுப்பு நடத்தினார். ஒழுங்காக வருவோம், வீட்டுப்பாடம் முடிப்போம் என்று மாணவரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் உறுதி பெற்றார். 'கானாஸ்', அதாவது வேட்கை, ஒன்றே தாம் எதிர்பார்ப்பது என்றார். 1979இல் நுண்கணிதத் தேர்வெழுதியோர் ஐவர். 1981இல் 15 பேர் எழுதி 14 பேர் தேறினர். 1982இல் எழுதிய 18 பேரும் தேறினர்.

அப்போதுதான் சோதனை வந்தது. சில விடைத்தாள்களில் ஒரே வகையான பிழைகள் காணப்பட்டன என்று கூறி, தேர்வு நடத்திய நிறுவனம் 14 பேரின் முடிவில் ஐயம் எழுப்பியது. எங்கள் பெயரும் பள்ளியும் வேறாக இருந்தால் இவ்வையம் எழுந்திருக்குமா என்று அம்மக்கள் கேட்டனர். இத்தகைய ஐயத்தை நாமும் அறிவோம். நம் மாணவன் ஒருவன் கணக்கில் நூற்றுக்கு நூறு பெற்றபோது, "பக்கத்தில் அமர்ந்தவன் யார்?" என்று எழுந்த குரலை நாம் ஆசிரியர் அறையிலேயே கேட்டதுண்டு. அந்த 14 பேரில் 12 பேர் சில மாதங்களில் மீண்டும் தேர்வெழுதினர். பன்னிருவரும் தேறினர்.

1988இல் இது திரைப்படமாயிற்று. அதனைக் கண்டோர், ஓராண்டில் நிகழ்ந்த அற்புதம் என்றே எண்ணினர். உண்மை வேறு. அவ்வெற்றிக்குப் பின்னே எட்டாண்டு உழைப்பு இருந்தது. உடனுழைத்த கணித ஆசிரியர்கள் இருந்தனர். ஹென்றி கிராடியாஸ் என்னும் தலைமையாசிரியர், அடிப்படைக் கணக்கு வகுப்புகளைக் குறைத்து, அவற்றில் பயில்வோரும் இயற்கணிதத்தை உடன் கற்க வகைசெய்தார். 1983 முதல் அருகிலுள்ள கல்லூரியில் கோடை வகுப்புகள் நடந்தன. அதன் பயனாக 1987இல் நுண்கணிதத்தில் தேறியோர் எண்பதுக்கும் மேற்பட்டனர். தலைமையாசிரியர் மாறினார், 1991இல் எஸ்கலாண்டேயும் விலகினார். பின்னர்த் தேர்ச்சி எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. மாணவர் மங்கிவிடவில்லை, படிகள் பழுதுபட்டன.

இன்று அமெரிக்காவில் இத்தேர்வுகள் ஏறத்தாழ 40 பாடங்களில் நடைபெறுகின்றன. கல்லூரி இடத்திற்காக ஒரே ஆண்டில் ஐந்தாறு பாடங்களைச் சுமந்து, உறக்கமிழந்து வாடுவோரும் உளர். கார்ஃபீல்டு மாணவர் புகழ் பெற்றதோ ஒரே பாடத்தை ஆழக் கற்றதனால். எத்தனை பாடம் என்பதை எண்ணுமுன், அதற்குக் கீழே எத்தனை படி கட்டியிருக்கிறோம் என்பதை எண்ணுதல் வேண்டும்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறும் விடை இதுதான்: பாடத்தை இலேசாக்க வேண்டா, ஆயத்தத்தை முன்னதாகத் தொடங்குங்கள். பின்னமும் இயற்கணிதமும் எட்டாம் வகுப்பிலேயே ஐயமறத் தெரிந்த பிள்ளைக்குப் பதினோராம் வகுப்புக் கணக்கு பாரமாகாது. இளைஞர்களே, தனியே அமர்ந்து தவிக்காதீர்கள். நால்வர் ஐவராகக் கூடிப் படியுங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் படிப்பது, தேர்வுக்கு முன் பத்து இரவுகள் கண்விழிப்பதினும் மேலானது. கழக உறுப்பினர்க்கும் ஒரு வேண்டுகோள்: ஓர் ஆசிரியரின் தோளில் மட்டும் மாலை வகுப்பை ஏற்றிவிடாதீர்கள். அவர் ஓய்வுபெறும் நாளில் வகுப்பும் ஓய்ந்துவிடும். கற்றுத் தேறிய ஒவ்வோர் இளைஞனும் இளம்பெண்ணும், அடுத்துவரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரம் ஒரு மாலையை அளிப்பாராயின், கழகம் பொன்விழாக் காணும் நாளில் இக்கேள்வியை எந்தப் பெற்றோரும் கேட்க வேண்டியிராது.