அடையாறு மறைஞான அறை

சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைத் தலைமையகத்தின் மாடியில் 1883, 1884 ஆண்டுகளில் இருந்த ஒரு சிறிய அறை. கண்ணுக்குப் புலப்படாத மகான்கள் இங்கே கடிதம் அனுப்புகிறார்கள், உடைந்த பொருளை ஒட்டவைக்கிறார்கள், கேட்ட கேள்விக்கு நொடியில் விடை தருகிறார்கள் என்று நம்பப்பட்டது. லண்டனிலிருந்து ஆய்வாளர் ஒருவரை வரவழைத்து, சாட்சிகளை விசாரித்து, வரைபடம் வரைந்து, சுமார் 200 பக்க அறிக்கை அச்சிடும் அளவுக்கு இவ்வறை பேசப்பட்டது. சென்னையில் ‘பேய் பங்களா’ என்றால் இன்று பலரும் ஆழ்வார்பேட்டை டிமாண்டி காலனியைச் சொல்வார்கள். அந்தப் பெயர் வாய்மொழியால் வளர்ந்து, 2015-இல் வந்த திரைப்படத்தால் பரவியது. அடையாற்று அறையின் புகழும் பழியும் அச்சேறிய ஏடுகளால் வந்தவை.

வீடு

பிரம்மஞான சபை 1875 நவம்பரில் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. ரஷ்யப் பேரரசில் பிறந்த எலெனா பிளாவட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கரான கர்னல் ஹென்றி ஆல்காட்டும் அதன் முதன்மை நிறுவனர்கள். 1879-இல் பம்பாய்க்கு வந்த இருவரும், 1882-இல் நிலையான தலைமையகத்துக்கு இடம் தேடியபோது அடையாற்றங்கரையில் ‘ஹடில்ஸ்டன் தோட்டம்’ விலைக்கு வந்தது. ஆற்றைப் பார்த்த பெரிய மாளிகை, துணைக் கட்டடங்கள், 27 ஏக்கர் தோப்பு. விலை சுமார் 9,000 ரூபாய்.

இவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்கு ஆல்காட் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு காரணம் எழுதியிருக்கிறார். நீலகிரி அடிவாரம் வரை ரயில் போடப்பட்டதும் வெள்ளைக்கார அதிகாரிகள் ஆண்டில் பாதியை உதகையில் கழிக்கத் தொடங்கினர். மதராசின் தோட்ட பங்களாக்களைச் சீந்துவாரில்லை. ரயிலின் தயவில் கிடைத்த அந்த வீட்டில் 1882 டிசம்பர் 19 அன்று நிறுவனர்கள் குடியேறினர்.

மாளிகைக்கு அதற்கு முந்தைய காலத்தில் அமானுஷ்யப் பெயர் இருந்ததாகப் பதிவில்லை.

அறையும் பெட்டியும்

பிளாவட்ஸ்கியின் படுக்கையறை மாடியில் இருந்தது. அதை அடுத்த அறையே மறைஞான அறை. இரண்டுக்கும் பொதுவான சுவரில், மறைஞான அறைப் பக்கம், மெருகிட்ட மரப்பெட்டி ஒன்று மாட்டப்பட்டிருந்தது. மதராசில் செய்வித்த அதனைச் சபையினர் ‘சன்னிதி’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். உள்ளே மகாத்மாக்கள் எனப்பட்ட கூட் ஹூமி, மோரியா ஆகியோரின் படங்களும் ஒரு வெள்ளிக் கிண்ணமும் இருந்தன. இவர்கள் இமயத்துக்கு அப்பால் வாழும் ஞானியர் என்பது சபையினரின் நம்பிக்கை. கேள்வியைச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துக் கதவை மூடுவார்கள். சற்று நேரத்தில் திறந்தால் பதில் இருக்கும்.

இந்நிகழ்வுகளுள் அதிகம் விவாதிக்கப்பட்டது 1883 ஆகஸ்டில் நடந்த ‘தட்டு’ நிகழ்வு. பிளாவட்ஸ்கி அப்போது உதகையில் ஜெனரல் மோர்கன் வீட்டில் விருந்தாளியாக இருந்தார். வேறு வேலையாக மதராசுக்கு வந்த ஜெனரல், பெட்டியைப் பார்க்க அடையாறு சென்றார். அங்கே வீட்டு நிர்வாகத்தைக் கவனித்த எம்மா கூலோம் பெட்டிக் கதவைத் திறந்ததும், கதவில் சாய்த்து வைத்திருந்த பீங்கான் தட்டு ஒன்று நழுவி, சுண்ணாம்புத் தரையில் விழுந்து தூள்தூளானது. துண்டுகளைப் பொறுக்கித் துணியில் கட்டி உள்ளே வைத்து மூடினார்கள். தாமோதர் மாவலங்கர் என்ற இளம் சீடர் பெட்டியை நோக்கித் தியானத்தில் அமர்ந்தார். சில நிமிடங்களில் திறந்தபோது தட்டு முழுசாக இருந்தது. கூடவே மகாத்மாவின் சீட்டும் ஒன்று. ஜெனரல் வியந்து போனார். தாம் கண்டதைப் பின்னர் எழுத்திலும் தந்தார்.

கதவைத் திறந்தாலே விழும்படி ஒரு பீங்கான் தட்டை ஏன் சாய்த்து வைத்தார்கள் என்ற கேள்வி அன்று எழவில்லை.

கூலோம் தம்பதியர்

எம்மா கூலோமும் கணவர் அலெக்சிசும் இக்கதையின் மையப் பாத்திரங்கள். எம்மா 1870களின் தொடக்கத்திலேயே கெய்ரோவில் பிளாவட்ஸ்கியுடன் பழகியவர். பிற்காலத்தில் நொடித்துப்போய் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இருந்த தம்பதியர், 1880-இல் பம்பாய்க்கு வந்து பழைய தோழியிடம் அடைக்கலமாயினர். எம்மாவிடம் வீட்டுச் சாவிக்கொத்து வந்தது. கைவேலை தெரிந்த அலெக்சிஸ் தச்சு வேலை, பழுது வேலைகளைப் பார்த்தார். சபை அடையாற்றுக்கு மாறியபோது இருவரும் உடன் வந்தனர்.

1884 பிப்ரவரியில் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் ஐரோப்பா புறப்பட்டனர். வீட்டில் இருந்த நிர்வாகக் குழுவுக்கும் கூலோம் தம்பதியருக்கும் சில வாரங்களிலேயே முட்டிக்கொண்டது. எம்மா அவதூறு பரப்பினார், பணம் பறிக்க முயன்றார் என்று குழு குற்றம் சாட்டியது. அவர் மறுத்தார். மே மாதத்தில் இருவரும் வெளியேற்றப்பட்டனர். அலெக்சிஸ் மாடி அறைகளை ஒப்படைத்தபோது அங்கே நகரும் பலகைகளும், பெட்டி இருந்த இடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு பொந்தும் தென்பட்டன.

இவை எப்போது செய்யப்பட்டவை? விவகாரத்தின் முடிச்சு இதுவே; இன்றளவும் அது அவிழவில்லை. பிளாவட்ஸ்கியின் உத்தரவுப்படி, மகாத்மாக்களின் ‘பதில்’களை உள்ளே தள்ளுவதற்காகத் தாமே அமைத்தவை என்றார் அலெக்சிஸ். அம்மையார் ஊரில் இல்லாதபோது அவரைக் கவிழ்க்கத் திட்டமிட்டு அவசரமாகச் செய்த அரைகுறை வேலை, பலகைகள் புத்தம்புதியவை, சரியாக நகரக்கூட இல்லை என்றனர் சபையினர்.

செப்டம்பரில் வெடி வெடித்தது. அப்போது எஸ்பிளனேடில் இயங்கிய மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் மாத இதழ், பிளாவட்ஸ்கி எம்மாவுக்கு எழுதியவை எனக் கூறப்பட்ட கடிதங்களை வெளியிட்டது; அக்டோபர் இதழிலும் தொடர்ந்தது. அற்புதங்களை எப்படி நடத்த வேண்டும் என்ற குறிப்புகள் அவற்றில் இருந்தன. இதழாசிரியர் ஜார்ஜ் பாட்டர்சன் பாதிரியார். கடிதங்கள் போலி அல்லது இடைச்செருகல் செய்யப்பட்டவை என்று பிளாவட்ஸ்கி மறுத்தார்.

பெட்டியின் முடிவு

அந்தச் செப்டம்பரிலேயே பெட்டி அழிந்தது. சுவரிலிருந்து அதை இறக்கி வைத்துச் சிலர் ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் முதுகுப் பலகையைக் கையால் தட்டி, ‘பாருங்கள், கெட்டியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நடுப்பலகை மேலே எழும்பிக்கொண்டதாம். உடனிருந்த ஜெர்மானிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹார்ட்மன் பிற்பாடு தெரிவித்த செய்தி இது. அவர் வெவ்வேறு சமயங்களில் சொன்னவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பெட்டி எரிக்கப்பட்டது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. சுவரும் ஏற்கெனவே பூசி மெழுகப்பட்டிருந்தது.

ஹாட்ஜ்சன் விசாரணை

லண்டனில் 1882-இல் தொடங்கப்பட்ட சைக்கிக்கல் ரிசர்ச் சொசைட்டி, மனோவசியம், தொலைவிலுணர்தல், ஆவித் தோற்றம் முதலியவற்றை ஆராயத் தனித்தனிக் குழுக்கள் அமைத்திருந்தது. பேய் வீடுகளுக்கென்றே ஒரு குழு இருந்தது. கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக் சங்கத்தின் முதல் தலைவர். 1884-இல் ஐரோப்பா வந்த ஆல்காட்டையும் பிளாவட்ஸ்கியையும் இச்சங்கம் நேரில் விசாரித்தது. அப்போது எழுதப்பட்ட முதல் அறிக்கை எதையும் முடிவாகச் சொல்லவில்லை. இடத்துக்கே ஆள் அனுப்பிப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று.

அனுப்பப்பட்டவர் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன். மெல்போர்னில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர், அப்போது வயது 29. 1884 டிசம்பரில் மதராஸ் வந்து மூன்று மாதம் போல இந்தியாவில் தங்கினார். அதே டிசம்பரில் பிளாவட்ஸ்கியும் திரும்பினார். அவருக்குத் துறைமுகத்தில் ஆரவார வரவேற்பு கிடைத்தது. 300-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட வாழ்த்து மடலைக் கல்லூரி மாணவர்கள் அளித்தனர் என்றும், அவர்களுள் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்களே பலர் என்றும் சபையின் குறிப்புகள் பெருமையோடு கூறுகின்றன.

அந்த ஆண்டுச் சபை மாநாடும் அடையாற்றில் கூடியது. அது முடிந்ததும் மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் இல்லத்தில் 17 பேர் சந்தித்துத் தேசிய அமைப்பு ஒன்றைப் பற்றிப் பேசினர், காங்கிரஸ் மகாசபையின் வித்து அதுவே என்று பின்னாளில் பிரம்மஞான சபைத் தலைவரான அன்னி பெசன்ட் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் பலர் இதை ஐயத்துடனேயே குறிப்பிடுகின்றனர். காங்கிரசின் நிறுவனர்களுள் ஒருவரான ஏ. ஓ. ஹியூம் விசாரணைக் காலத்தில் அடையாறு வந்து போனது உறுதியான செய்தி.

ஹாட்ஜ்சனுக்குப் பார்க்கப் பெட்டி இல்லை, பொந்தும் இல்லை. எனவே சாட்சிகளின் சொல்லைக் கொண்டு அறைகளின் வரைபடத்தைத் தயாரித்தார். உடைந்த தட்டின் கதையைக் கடை வரை துரத்தினார். அதே மாதிரித் தட்டுகள் இரண்டை ஒருசேர எம்மா விலைக்கு வாங்கியிருந்ததை மதராஸ் கடைக் கணக்கிலிருந்து கண்டறிந்தார். ஒன்று உடைய, மற்றொன்று ‘ஒட்டிக்கொண்டது’ என்பது அவர் முடிபு. பம்பாய்க்கும் சென்று சபையின் பழைய வீட்டைப் பார்வையிட்டார். அங்கே கூரையிலிருந்து மகாத்மாக்களின் கடிதம் விழுந்ததாகச் சொல்லப்பட்டதெல்லாம் உத்தர இடுக்கில் செருகி நூலால் இழுத்த வேலை என்றார்.

கையெழுத்து ஆய்வு இன்னும் சிக்கலானது. லண்டன் நிபுணர் நெதர்கிளிஃப்ட், மகாத்மா கடிதங்கள் பிளாவட்ஸ்கி எழுதியவை அல்ல என்று முதலில் சொன்னார். கூடுதல் மாதிரிகளைப் பார்த்தபின் பிளாவட்ஸ்கியே எழுதியவை என்று மாற்றிக்கொண்டார். பெர்லின் கையெழுத்து நிபுணர் ஒருவரோ மகாத்மா கடிதமும் பிளாவட்ஸ்கியின் எழுத்தும் ஒரே கையெழுத்தல்ல என்றார்.

விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே வீடு காலியாகத் தொடங்கியது. மகாத்மாக்களைத் தேடித் திபெத்துக்குப் போகிறேன் என்று 1885 பிப்ரவரியில் புறப்பட்ட தாமோதர் பிறகு திரும்பவேயில்லை. வழக்குத் தொடுக்க விரும்பிய பிளாவட்ஸ்கியைச் சபையினர் தடுத்தனர். கடும் நோயில் நடக்க முடியாத நிலையில், மார்ச் 31 அன்று நாற்காலியோடு தூக்கிக் கப்பலேற்றப்பட்ட அவர், அதன்பின் இந்தியாவைக் காணவில்லை. 1891 மே 8 அன்று லண்டனில் காலமானார். எம்மா ஜெனரல் மோர்கன்மீது தொடுத்த அவதூறு வழக்கும் தீர்ப்புக்கு வராமலே திரும்பப் பெறப்பட்டது.

1885 டிசம்பரில் லண்டன் சங்கத்தின் வெளியீட்டில் அறிக்கை வந்தது. அற்புதங்கள் திட்டமிட்ட மோசடி என்றும், பிளாவட்ஸ்கி வரலாற்றில் இடம்பெறத் தக்க கைதேர்ந்த ஏமாற்றுக்காரர் என்றும் சங்கத்தின் குழு முடிவுரைத்தது. அவர் ரஷ்ய அரசின் ஒற்றராக இருக்கலாம் என்ற ஹாட்ஜ்சனின் ஊகத்தை, மோசடி என்பதை ஒப்பியவர்களுள் பலரும் ஏற்கவில்லை.

ஹாட்ஜ்சன் 1887-இல் அமெரிக்கா சென்று, பாஸ்டன் நகரில் லியோனோரா பைப்பர் என்ற ஆவி ஊடகரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் வழியாக இறந்தோர் பேசுகிறார்கள் என்றே கடைசியில் நம்பினார். 1905 டிசம்பரில் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது இறந்தார்.

பிற்காலம்

அடையாற்றில் பெட்டி வழிபாடு மீண்டும் தொடங்கப்படவில்லை. 1886-இல் ஆல்காட் அங்கு நிறுவிய நூலகம் ஓலைச்சுவடிகளுக்குப் பெயர் பெற்றது. 1894-இல் பஞ்சமர் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளி இன்று ஆல்காட் நினைவுப் பள்ளியாக நடக்கிறது. 1907 முதல் 1933 வரை அன்னி பெசன்ட் சபைத் தலைவராக இருந்தார். 27 ஏக்கர் தோட்டம் பத்து மடங்குக்கு அருகில் விரிந்தது. பார்வையாளர் இன்று தேடிப் போவது அங்குள்ள பழைய ஆலமரத்தை. அதன் தாய்மரம் 1989-இல் சாய்ந்தது.

மறுமதிப்பீடு

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1986-இல், அதே லண்டன் சங்கத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்பவரின் கட்டுரை வெளிவந்தது. இவர் பணத்தாள் அச்சிடும் தாமஸ் டி லா ரூ நிறுவனத்தில் ஆய்வு மேலாளராக இருந்தவர், போலி ஆவணங்களைக் கண்டறிவதில் தேர்ந்தவர். ஹாட்ஜ்சன் தமக்குச் சாதகமான சான்றுகளைப் பெருக்கிப் பாதகமானவற்றை ஒதுக்கினார், அவ்வறிக்கையை நம்பி எவரையும் தண்டிக்க இயலாது என்பது அவர் வாதம். பிறகு 1,323 வண்ணப் படங்களின் துணையுடன் மகாத்மா கடிதங்களை வரிவரியாக ஆராய்ந்து 1997-இல் நூலாக்கினார். அற்புதங்கள் உண்மை என்று ஹாரிசன் எங்கும் கூறவில்லை. மோசடி என்பதற்குச் சுட்டப்பட்ட சான்று போதாது என்பதோடு நின்றார். தட்டு, பெட்டி பற்றிய சாட்சியங்களை அவர் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்பாரும் உளர்.

மகாத்மா கடிதங்களின் பெருந்தொகுதி 1939-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பிளாவட்ஸ்கி எம்மாவுக்கு எழுதியவை எனப்பட்ட கடிதங்களின் மூலங்கள் கிடைக்கவில்லை.