இல்லத்து நறுமணம்: புகையிலிருந்து ஆவிக்கு

ஹதீஸ் பாடத்தில் அறிவிப்பாளர் தொடரை வாசிக்கையில், நுஐம் அல்-முஜ்மிர் என்னும் பெயர் வருமிடத்தில் மாணவர்களை நாம் சற்று நிறுத்துவதுண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்களிடமிருந்து செய்திகளை அறிவித்த அப்பெரியாருக்கு 'முஜ்மிர்' என்பது குலப்பெயரன்று. பணியால் அமைந்த பெயர். தூபமிடுபவர் என்பது பொருள். உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி வெள்ளிதோறும் நண்பகலில் மதீனாப் பள்ளியில் தூபமிட்டதால் அப்பெயர் வந்தது என்பர். அவருடைய தந்தைக்கே முதலில் அது வழங்கிற்று என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஓரிடத்தை மணக்கச் செய்த ஊழியம் ஒருவரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

அபூதாவூதில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியொன்றுண்டு. 'தூர்'களில் தொழுமிடங்களை அமைக்கவும், அவற்றைத் தூய்மைப்படுத்தவும், மணமூட்டவும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பது அதன் கருத்து. 'தூர்' என்பதற்குக் குடியிருப்புப் பகுதிகள் என்று பலரும், வீடுகள் என்று சிலரும் விளக்கம் தந்துள்ளனர். நாம் கவனிக்க வேண்டியது அதிலுள்ள வரிசையை. தூய்மை முதலில், மணம் பிறகு. இன்று நம் வீடுகளில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. ஈரத் துணி மூலையில் கிடக்கும். மேலே வாசனைத் திரவத்தைப் பீய்ச்சுவோம். பச்சை வெங்காயமும் பூண்டும் உண்டவர் பள்ளிக்கு வரலாகாது என்னும் நபிமொழியும், உண்பவர் அவற்றைச் சமைத்து வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என்னும் உமர் (ரலி) அவர்களின் அறிவுரையும் இதே வழியைத்தான் காட்டுகின்றன: வாடையை மூடாதே, அதன் வேரைத் தேடு.

அக்கால அரபியர் எதைப் புகைத்தனர்? இப்னு உமர் (ரலி) அவர்கள் அகிற்கட்டையைத் தனியாகவும், சில வேளை கற்பூரம் சேர்த்தும் புகைப்பார்கள் என்றும், நபியவர்களும் அவ்வாறே செய்ததாகக் கூறுவார்கள் என்றும் முஸ்லிமில் காண்கிறோம். இவை இரண்டும் அரபு மண்ணில் விளைபவை அல்ல. கற்பூரத்திற்குப் புகழ்பெற்ற துறை சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ். அரபியர் அதை ஃபன்சூர் என்றனர். அங்கே 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகக் குழுவினரின் கல்வெட்டு கிடைத்துள்ளது. அதே கற்பூரத் துறையை நாடித் தமிழ் வணிகரும் கடல் கடந்துள்ளனர் என்பதற்கு அது சான்று. சுவனத்துப் பானங்களில் கற்பூரமும் இஞ்சியும் கலந்திருக்கும் என்று அத்தஹ்ர் அத்தியாயம் (76:5, 17) கூறுவதைக் கேட்ட முதல் தலைமுறைக்கு அவை எத்துணை அரிய பொருள்களாய் இருந்திருக்கும்! (இன்று கடையில் விற்கும் கற்பூர வில்லை பெரும்பாலும் ஆலையில் செய்யப்படுவது, உண்ணத் தகாதது.)

புகையிலிருந்து ஆவிக்கு வந்தது பக்தாத் காலத்தில் ஓங்கிய கலை. 9ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தியின் பெயரில் வழங்கும் வாசனை நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. அதன் பெயரிலேயே 'தஸ்ஈதாத்' என்னும் சொல் இருக்கிறது; 'மேலெழச் செய்தல்' என்பது அதன் நேர்ப்பொருள். வெப்பத்தால் பூவின் மணத்தை ஆவியாய் எழுப்பி, குளிரவைத்து, நீராய்ப் பிடிப்பது. நம் நிகாஹ் வாசலில் செம்பிலிருந்து தெளிக்கும் பன்னீர் அம்முறையில் பிறந்ததே.

இதை எழுதத் தூண்டியது எம் மத்ரஸாவில் நடந்த ஒன்று. மழைக்காலத்தில் அறை புழுங்கி நாறியது. மரபென்று எண்ணிக் கதவடைத்துச் சாம்பிராணி போட்டோம். இளைப்பு நோயுள்ள சிறுவனொருவன் மூச்சுக்குத் தவித்து வெளியே ஓடினான். தவறு எம்முடையது. மறுநாள் பாய்களை வெயிலில் உலர்த்தினோம், சன்னல்களைத் திறந்தோம். பிறகு சிறு பாத்திரத்தில் இரண்டு செம்பு நீர், ஒரு பட்டைத் துண்டு, நான்கைந்து கிராம்பு, சாறு பிழிந்த எலுமிச்சைத் தோல், ஒரு பிடி புதினா இட்டு மெல்லிய தீயில் வைத்தோம். கொதித்துப் பொங்கக் கூடாது; ஆவி எழுந்தால் போதும். நீர் வற்ற வற்ற ஊற்ற வேண்டும். வற்றவிட்டால் கருகல் வாடையே மிஞ்சும். மணமும் சிலருக்கு ஒவ்வாதாகையால், முதலில் அந்தச் சிறுவனைத் தொலைவில் அமர்த்திப் பார்த்தோம். சிரமமில்லை என்றான்.

உறங்குமுன் வீட்டில் நெருப்பை எரியவிடாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எனவே இஷாவுக்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுகிறோம்; மூடியைத் திறந்துவைத்தால் வெந்நீர் ஆறும்வரை மணம் இருக்கிறது.