உலோகச் சுருள் சரக்குப் பிணைப்பு

உலோகச் சுருள் சரக்குப் பிணைப்பு என்பது உருக்கு, அலுமினியம் முதலியவற்றின் தகடுகளைச் சுற்றிய கனத்த சுருள்களை டிரெய்லர் சரக்குந்தின் தளத்தில் நகராமலும் உருளாமலும் கட்டி நிறுத்தும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் இதற்கான கூட்டரசு விதிகள் 2002 இல் வெளியிடப்பட்டு, 2004 சனவரி 1 முதல் கட்டாயமாயின. தனியாகவோ சேர்ந்தோ 2,268 கிலோகிராம் (5,000 பவுண்டு) அல்லது அதற்கு மேல் எடையுள்ள சுருள்களுக்கு இவை பொருந்தும்.

சுருளின் நடுத்துளை "கண்" எனப்படுகிறது. இக்கண் மேல்நோக்கியோ, வண்டியின் நீளவாக்கிலோ, குறுக்குவாக்கிலோ அமையலாம். குறுக்குவாக்கில் வைத்த சுருள் கட்டறுந்தால், தடுப்பை அழுத்தும்போது சக்கரம் போல முன்னே உருண்டு ஓட்டுநர் அறையை நசுக்கிவிடும். அமெரிக்க ஓட்டுநர்கள் இதனைத் "தற்கொலை" ஏற்றம் என்றே அழைக்கின்றனர். எனவே இம்முறையில் மரக்கட்டை, ஆப்பு, தொட்டில் போன்ற ஏதேனும் ஒன்றால் சுருளைத் தளத்தில் படாதவாறு தாங்க வேண்டும். கண்ணின் வழியே செலுத்திய சங்கிலிகளுள் ஒன்று முன்னோக்கிய அசைவையும் மற்றொன்று பின்னோக்கிய அசைவையும் தடுக்க வேண்டும். ஆணியடித்த கட்டைகளை மட்டுமே நம்புவது தடைசெய்யப்பட்டுள்ளது.

கட்டுகளின் மொத்தப் பணிச்சுமை எல்லை, சரக்கின் எடையில் பாதியேனும் இருத்தல் வேண்டும். பாதி போதுமா என்ற ஐயம் எழலாம். பணிச்சுமை எல்லை என்பது சங்கிலி அறுபடும் சுமை அன்று, அதனினும் மிகக் குறைவாக வைக்கப்படும் அளவாகும். பயணத்தின் முதல் 50 மைல்களுக்குள் (ஏறத்தாழ 80 கிலோமீட்டர்) ஓட்டுநர் கட்டுகளை மீண்டும் சோதித்தல் வேண்டும்.