நியூரான்களைக் காக்கும் கிளியா செல்கள்: ஓர் ஆய்வு வரலாறு

மூளையில் நியூரான்கள் எனப்படும் நரம்புச் செல்களுடன், கிளியா எனப்படும் துணைச் செல்களும் உள்ளன. 2009-ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்களும் அதற்கு இணையான எண்ணிக்கையில் பிற செல்களும் இருக்கின்றன; இப்பிற செல்களில் பெரும்பாலானவை கிளியா செல்களே. நியூரான்களைத் தாங்கி நிற்கும் வெறும் நிரப்புப் பொருளாகவே இவை நூறாண்டுகளுக்கும் மேலாகக் கருதப்பட்டன. இவை நியூரான்களை அழிவிலிருந்து காக்கின்றன என்பது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சோதனைகளால் உறுதியாயிற்று.

பெயரும் அதன் விளைவும்

ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1856-இல் நியூரான்களுக்கு இடையில் உள்ள பொருளுக்கு நியூரோகிளியா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் கிளியா என்றால் பசை. மூளையை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகை இணைப்புத் திசுவே இது என்பது அவர் கருத்து. பசைக்குத் தனியே ஒரு பணி இருக்கும் என்று யாரும் தேட மாட்டார்கள். ஆகவே இந்தப் பெயரே பின்வந்த ஆய்வாளர்களின் கவனத்தை நியூரான்களின் பக்கம் திருப்பிவிட்டது எனலாம்.

1873-இல் இத்தாலியரான கமில்லோ கோல்கி, வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்புத் திசுவைக் கருமையாகச் சாயமேற்றும் முறையை வெளியிட்டார். கிளியா செல்களின் கிளைகள் ஒருபுறம் இரத்தக் குழாய்களைத் தொடுவதை அவர் கண்டார். எனவே இவை இரத்தத்திலிருந்து நியூரான்களுக்கு உணவைக் கொண்டு செல்லக்கூடும் என்று கருதினார். பின்னர் ஹங்கேரியரான மிஹாய் லென்ஹோசெக், விண்மீன் போல் கிளை பரப்பும் கிளியா செல்களுக்கு ஆஸ்ட்ரோசைட் என்ற பெயரை அளித்தார்.

மாட்ரிட் ஆய்வகத்தில் எழுந்த சர்ச்சை

ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ ரமோன் இ கஹால், 1913-இல் தங்கச் சாய முறையால் ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தெளிவாகக் காட்டினார். நியூரான், ஆஸ்ட்ரோசைட் இரண்டிலும் சேராத சிறு செல்களை மூளையின் மூன்றாம் கூறு என்று அவர் குறிப்பிட்டார். அவருடன் பணியாற்றிய பியோ தெல் ரியோ ஒர்தேகா, வெள்ளிக் கார்பனேட்டைப் பயன்படுத்தி ஒரு புதிய சாய முறையை உருவாக்கினார். அந்த மூன்றாம் கூறில் இருவேறு வகைச் செல்கள் உள்ளன என்று அவர் கண்டறிந்தார். ஒன்றுக்கு மைக்ரோகிளியா என்றும், மற்றொன்றுக்கு ஒலிகோடென்ட்ரோசைட் என்றும் பெயர் வந்தது.

மூளையில் காயம் ஏற்படும்போது மைக்ரோகிளியா தன் கிளைகளை உள்ளிழுத்து, உருண்டு, சிதைவுகளை விழுங்குகிறது என்று ஒர்தேகா 1919-இல் எழுதினார். மூளைக்குள்ளேயே ஒரு காவல் படை இருப்பதற்கான முதல் தெளிவான சான்று இதுவே. ஆனால் இருவகைச் செல்கள் என்ற முடிவைக் கஹால் முழுமையாக ஏற்கவில்லை. இருவருக்கும் இடையே மனவேறுபாடு முற்றி, 1920-இல் ஒர்தேகா அந்த ஆய்வகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஸ்பானிய உள்நாட்டுப் போரால் நாட்டையும் இழந்த அவர், 1945-இல் புவெனஸ் ஐரிஸில் காலமானார். அவருடைய முடிவே சரியானது என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது.

குளுட்டமேட் என்னும் புதிர்

1966-இல் ஸ்டீபன் கஃப்ளரும் அவர் குழுவினரும், நரம்பு இயங்கும்போது வெளியேறும் பொட்டாசியத்துக்குக் கிளியா செல்கள் மின்னழுத்த மாற்றத்தால் எதிர்வினை காட்டுவதை நிறுவினர். மிகுதியான பொட்டாசியம் நியூரான்களை அளவுக்கு மீறித் தூண்டும். அதை உறிஞ்சி அகற்றுவது கிளியாவின் பாதுகாப்புப் பணிகளுள் ஒன்று என்பது இதன் தொடர்ச்சியாக அறியப்பட்டது.

1969-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னி, குளுட்டமேட் உப்பு செலுத்தப்பட்ட எலிக்குஞ்சுகளின் மூளையில் நியூரான்கள் அழிவதைக் கண்டார். நியூரான்கள் ஓயாத தூண்டுதலாலேயே மடியும் இந்நிலை, தூண்டல் நச்சுத்தன்மை எனப்படுகிறது. ஆனால் நலமான மூளையிலும் குளுட்டமேட்தான் முதன்மையான தூண்டுபொருள். அப்படியானால் நியூரான்கள் நாள்தோறும் எவ்வாறு தப்பிக்கின்றன?

விடை ஆஸ்ட்ரோசைட்டில் இருந்தது. குளுட்டமேட்டைத் தீங்கற்ற குளுட்டமைனாக மாற்றும் நொதி ஆஸ்ட்ரோசைட்டுகளில் இருப்பது 1979-இல் காட்டப்பட்டது. அந்தக் குளுட்டமைன் நியூரானுக்குத் திரும்பிச் சென்று மீண்டும் பயன்படுகிறது. ஆஸ்ட்ரோசைட்டுகள் மிகக் குறைவாக உள்ள வளர்ப்புத் தட்டில், நியூரான்களைக் கொல்ல வழக்கமான குளுட்டமேட்டில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே போதும் என்று 1989-இல் தெரிய வந்தது. குளுட்டமேட்டை உள்ளிழுக்கும் முக்கியப் புரதம் நீக்கப்பட்ட எலிகள் வலிப்பு கண்டு இறந்தன என்பதை 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

பக்கவாதத்தில் நிகழும் சேதத்தையும் இதைக் கொண்டு விளக்கலாம். இரத்த ஓட்டம் தடைப்படும்போது இந்தப் புரதங்கள் இயங்கத் தேவையான ஆற்றல் தீர்ந்துபோகிறது. குளுட்டமேட் வெளியில் தேங்கி, நியூரான்களை அழிக்கிறது. நியூரானில் குளுட்டமேட்டைத் தடுக்கும் மருந்துகள் பக்கவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. எனவே கிளியாவின் இயற்கையான பாதுகாப்பை வலுப்படுத்தும் வழிகளிலும் ஆய்வாளர்கள் நாட்டம் கொண்டனர்.

தழும்பு: தடையா, அரணா?

காயமுற்ற இடத்தைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட்டுகள் தழும்பை உருவாக்குகின்றன. நரம்பிழைகள் மீண்டும் வளர்வதைத் தடுக்கும் சுவராகவே இது நெடுங்காலம் கருதப்பட்டது. மைக்கேல் சோஃப்ரோனியூவின் குழு 1999-இலும் 2004-இலும் வெளியிட்ட எலிச் சோதனைகள் வேறு முடிவைத் தந்தன. தழும்பை உருவாக்கும் செல்களை அகற்றியபோது அழற்சி பரவியது. மேலும் பல நியூரான்கள் அழிந்தன. தழும்பைத் தடுத்தால் நரம்பிழைகள் வளர்ந்துவிடுவதில்லை என்று 2016-இல் அதே குழு காட்டியது.

காவலின் மறுபக்கம்

2005-இல் உயிருள்ள எலியின் மூளையில் நுண்ணோக்கி வழியே பார்த்தபோது, நலமான நிலையிலும் மைக்ரோகிளியாவின் கிளைகள் ஓயாமல் அசைந்து சுற்றுப்புறத்தைத் துழாவுவது தெரிந்தது. ஓய்வில் இருப்பவை என்று அவற்றை அழைத்தது பொருந்தாது என்று அப்போது புரிந்தது.

ஆயினும் இந்தக் காவல் எப்போதும் நன்மையே செய்வதில்லை. அழற்சியால் தூண்டப்பட்ட மைக்ரோகிளியா விடுக்கும் சைகைகளால் சில ஆஸ்ட்ரோசைட்டுகள் தம் பாதுகாப்புப் பணியைக் கைவிட்டு, நியூரான்களையே கொல்கின்றன என்று 2017-இல் பென் பாரெஸின் குழு அறிவித்தது. அல்சைமர், பார்க்கின்சன் முதலிய நோய்களால் இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் இத்தகைய செல்கள் காணப்பட்டன. ஆகவே கிளியாவை முற்றிலும் அடக்குவதும் முற்றிலும் தூண்டுவதும் தீர்வாகாது. காக்கும் செல் எந்நிலையில், எதனால் அழிக்கும் செல்லாக மாறுகிறது என்பதே இத்துறையின் இன்றைய முதன்மையான கேள்வியாகும்.